எண் அழிந்த பாட்டில்கள்

பத்தொன்பது வருடமாக லில்லி வளர்த்துவந்த அவள் ஒரு லில்லி பூத்துப் பார்த்ததில்லை. இதைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு துக்கச் செய்தி காதில் விழுந்ததுபோல முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அவளுக்கு இரண்டுமே பிடிக்காது. பிரசவம் பார்க்கிற நர்ஸ், தான் கையில் வாங்கிய குழந்தைகளின் கல்யாணத்துக்கெல்லாம் போய் நிற்கிறாளா என்ன என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அப்படிப் போகிற நர்ஸ் ஒருத்தி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று தனக்குள் நினைத்துக்கொள்வாள்.

அவள் வேலை பார்த்த தோட்டத்தில் மண் கிடையாது. டயர் கிடங்குக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கும் நடுவில், ஜன்னல்களை அடைத்துவிட்ட ஓர் இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் செருப்பை விட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு முடி வெளியே தெரியாமல் குல்லாய் மாட்டி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, இரண்டு கதவுகளைத் தாண்டிப் போனால்தான் தோட்டம். அங்கே செடி வளர்ப்பதற்கு முதல் விதி, வேறு எதுவும் வளரக் கூடாது என்பது.

உள்ளே ஆறு மேசைகள். ஒவ்வொன்றும் முன்பக்கம் திறந்த எஃகுப் பெட்டி மாதிரி இருக்கும். வடிகட்டிய காற்று பின்சுவரிலிருந்து புறப்பட்டு, உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் நாள் முழுக்க மெதுவாக மோதிக்கொண்டிருக்கும். லில்லிக் கிழங்கு பார்ப்பதற்குப் பூண்டுபோல இருக்கும். பூண்டைப் போலவே செதில் செதிலாக உரியும். செதிலை நன்றாகச் சுத்தம் செய்து, நகத்தளவு துண்டாக வெட்டி, பாட்டிலின் அடியில் உறைந்திருக்கும் சர்க்கரை ஜெல்லியின்மேல் இடுக்கியால் படுக்கவைக்க வேண்டும். சில வாரங்களில் அதன் ஓரத்தில் அரிசி அரிசியாகக் குட்டிக் கிழங்குகள் முளைக்கும். எட்டு வாரம் போனதும் அவற்றைப் பிரித்துப் புது ஜெல்லியில் வைத்தால் ஒன்று மூன்றாகும். பிறகு அவை மும்மூன்றாகும். பக்கத்து அறையில், கூரை வரை அடுக்கிய தட்டுகளில், குழல்விளக்குகளின் கீழ் ஆயிரக்கணக்கான பாட்டில்கள் நிற்கும். பதினாறு மணி நேரம் பகல், எட்டு மணி நேரம் இரவு. விடிவதும் இருட்டுவதும் ஒரு சுவிட்சின் கையில். அந்த ஊரில் மழை இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

மேசையில் உட்கார்ந்துவிட்டால் பேசக் கூடாது. வாயிலிருந்து வருகிற காற்று பாட்டிலில் பட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பஞ்சுபோலப் பூத்துவிடும். இரண்டாம் மேசைக்காரிக்கு இது ஆயுள் தண்டனையாக இருந்தது. தேநீர் இடைவேளையில் அவள் ஆறு மணி நேரப் பேச்சைப் பத்து நிமிடத்தில் பேசி முடிப்பாள். ஆனால் மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருந்த நம்மவளுக்கு அந்த மௌனம் தொட்டில். காற்றின் ஒரே சீரான ஓசையில் இமைகள் பாதி இறங்கிவிடும். கை மட்டும் விழித்திருக்கும். வெட்டும், எடுக்கும், வைக்கும், மூடும். அதனால் அவளுக்கு அரைத்தூக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரிலேயே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த அரைத்தூக்கத்தில் அவள் போய்வராத இடமில்லை. பாட்டில் வளர்ந்து மண்டபமாகிவிடும். ஜெல்லி, காலடியில் லேசாக அதிரும் கண்ணாடித் தரையாகிவிடும். பச்சைத் தண்டுகள் தூண்களாக உயர, அவள் நடுவில் நடந்துபோவாள். தலைக்குமேல் எங்கேயோ பூக்கள் திறக்கும் சத்தம் கேட்கும். துணி மடிப்பைப் பிரிப்பது மாதிரி ஒரு சத்தம். பூவின் அளவு மட்டும் ஒருநாளும் நிலையாக இருந்ததில்லை. ஒருநாள் குடையளவு இருக்கும், மறுநாள் காதளவுக்குச் சுருங்கியிருக்கும். படங்களில் பார்த்திருக்கிறாள்தான். படத்தில் எல்லாப் பூவும் படத்தின் அளவுதானே இருக்கிறது.

இத்தனை கனவு காண்கிறவளின் பாட்டில்கள்தான் அந்தக் கட்டடத்திலேயே சுத்தமானவை. மற்ற மேசைகளில் இருநூற்றுக்குப் பத்து கெட்டுப்போகும். அவளிடம் ஒன்று கெட்டால் அதிசயம். காரணம் எளிது. மற்றவர்கள் ஒருமுறை செய்வதை அவள் இரண்டுமுறை செய்வாள். கத்தியைச் சுடரில் இரண்டுமுறை காட்டுவாள், பாட்டிலை ஸ்பிரிட் துணியால் இரண்டுமுறை துடைப்பாள். லில்லியில் டாக்டர் பட்டம் வாங்கி அந்த இடத்தை நடத்திவந்த அம்மையாரை எல்லாரும் மேடம் என்றும், முதுகுக்குப் பின்னால் பெரிய கிழங்கு என்றும் சொன்னார்கள். அவர் எல்லா மேசைகளின் தட்டுகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூன்றாம் மேசைத் தட்டை மட்டும் பார்க்காமலே தாண்டிப் போவார். அந்தத் தாண்டல்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம்.

மேடத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. செடி வகைகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண்தான். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் கெட்டுப்போனதைத் தூக்கிப்போட மனம் வராது என்பது அவர் வாதம். அதன்படி வெள்ளை லில்லி பதினேழு. அடர்சிவப்பு, இருபத்திமூன்று. பாட்டிலுக்குள் இரண்டும் ஒரே பச்சை, ஒரே வெளிர்மஞ்சள் குட்டிகள். கூடப்பிறந்தவர்களிடம்கூட அத்தனை ஒற்றுமை கிடையாது. கண்ணாடிமேல் பேனாவால் எழுதிய எண் ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே இரண்டாவது சட்டம்: எண் இல்லாத பாட்டில் குக்கருக்கு. ஆளுயர நீராவிப் பானையைத்தான் அங்கே குக்கர் என்பார்கள். அதில் போனது செடியோ பூஞ்சையோ எல்லாம் கஞ்சிதான். விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

அந்த வருடம் குளிர்சாதனக் குழாயில் ஈரம் புகுந்து பூஞ்சை அடுக்கடுக்காகப் பரவியது. அடுக்கறையில் பாதி குக்கருக்குப் போயிற்று. பதினேழில் மிஞ்சியது இருபது பாட்டில். அவற்றுக்குத் தாயாக இருந்த கிழங்குகள் எப்போதோ அழுகிப்போயிருந்தன. அந்த இருபதை மேடம் நம்பிக் கொடுத்தது மூன்றாம் மேசையிடம்தான். ஒரு மழைக்காலக் காலையில் அவள் தள்ளுவண்டியில் பதினேழு இருபது, இருபத்திமூன்று இருபது என்று எடுத்துவந்து, நாற்பதையும் வழக்கம்போல இரண்டுமுறை துடைத்து, மேசைக்குள் இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் சிவப்பு என்று வைத்தாள். வெட்ட உட்கார்ந்தாள். காற்று முகத்தில் மோதியது. இடது பக்கத்துப் பாட்டில் ஒன்று மெல்ல வளரத் தொடங்கியது.

மின்சாரம் போனது. காற்று நின்றது. காற்று நின்றால் மேசைக்குள் இருப்பதையெல்லாம் உடனே வெளியே எடுத்து மூடிவிட வேண்டும். எடுத்தாள். கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. திரும்ப உள்ளே வைத்தாள். முதல் பாட்டிலைத் திறக்கப்போனவள் பழக்கத்தில் எண்ணைப் பார்த்தாள். எண்ணைக் காணோம். அடுத்ததிலும் காணோம். நாற்பதும் கழுவிவைத்த டம்ளர் மாதிரி பளபளத்தன.

பேனாதான் காரணம். போன முறை இந்த நாற்பதிலும் எண் எழுதும்போது பழைய பெட்டி தீர்ந்து புதிய பெட்டி பிரித்திருந்தார்கள். பார்வைக்கு அதே பேனா. மையோ ஸ்பிரிட்டில் கரைகிற மை. ஒருமுறை துடைத்தவர்களின் பாட்டில்களில் எண் கலங்கலாகவாவது மிஞ்சியிருந்தது. இரண்டுமுறை துடைத்தவளின் பாட்டில்களில் ஒன்றுமில்லை. சுத்தக்காரி ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

சட்டப்படி நாற்பதும் குக்கருக்குப் போக வேண்டும். அவள் உட்கார்ந்து யோசித்தாள். இருபது இருபதாகக் கலையாமல்தான் வெளியே எடுத்தாள், கலையாமல்தான் உள்ளே வைத்தாள், அது நிச்சயம். எந்த இருபதை எந்தப் பக்கம் வைத்தாள் என்பதுதான் நிச்சயமில்லை. இடதுதான் வெள்ளை என்று மனம் சொன்னது. எப்படித் தெரியும் என்று அதே மனத்தைக் கேட்டாள். இடது பக்கத்துப் பாட்டிலில் வெள்ளைப் பூ திறந்ததைக் கண்ணால் பார்த்தோமே என்றது. மின்சாரம் போவதற்கு முன்னால் பார்த்ததா, வந்த பிறகு பார்த்ததா என்று கேட்டாள். பார்த்தோமே என்று அது மறுபடி அதையே சொன்னது.

ஒரு பூஞ்சைப் புள்ளி இல்லாத இருபது பாட்டில்கள். உலகத்தில் மிஞ்சிய பதினேழு. கனவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அதன் வாக்குமூலத்தை நம்பி, இடது பக்கத்து இருபதில் பதினேழு என்று, தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரு பழைய பேனாவால் எழுதினாள். இருபத்திமூன்று அடுக்கறையில் எக்கச்சக்கமாக இருந்தது; எனவே வலது பக்கத்து இருபதைப் பூஞ்சை என்று சொல்லிக் குக்கருக்கு அனுப்பினாள். மூன்றாம் மேசையில் இருபது பாட்டில் கெட்டதா என்று இரண்டாம் மேசைக்காரி இடைவேளையில் வாயைப் பிளந்தாள். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மேசையை அவர் கேட்பதில்லையே.

அதற்குப் பிறகு இருபது பாட்டில் அறுபதாயிற்று. அறுபது நூற்று எண்பதாயிற்று. எட்டு வாரத்துக்கு ஒருமுறை பதினேழு மும்மடங்கானது. கூடவே அவள் பயமும் மும்மடங்கானது. இரண்டையும் ஒரே கைதான் வெட்டி வெட்டி வைத்தது. இருபதாக இருந்தபோதே சொல்லியிருக்கலாம் என்று அறுபதில் நினைத்தாள். நூற்று எண்பதானபோது, அறுபதிலாவது சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. தப்பித்தவறி வெள்ளையாகவே இருந்துவிட்டால் சொல்வதற்கு என்ன இருக்கிறது? சிவப்பாக இருந்தாலோ, கடைசி வெள்ளையைத் தன் கையாலேயே வேகவைத்தவள் அவள்.

கனவுகளும் குணம் மாறின. கண்ணாடித் தரை இருந்தது, தூண்கள் இருந்தன. பூக்கள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு திறந்தன. சுற்றிப்போய் முகத்தைப் பார்ப்பதற்குள் தேநீர் மணி அடித்துவிடும்.

எட்டாயிரம் குட்டிக் கிழங்குகள் தேறி, குளிர் அறையில் மூன்று மாதம் தூங்கி எழுந்ததும், அவற்றைக் கொண்டுபோகத் தக்காளிக்காரர் வந்தார். பெரிய கண்ணாடிவீடு கட்டிப் பல வருடம் தக்காளி போட்டவர். இப்போது தக்காளியை வேரோடு பிடுங்கிவிட்டு முழு வீட்டையும் வெள்ளை லில்லிக்கு விடப்போகிறார். இருந்தாலும் பெயர் தக்காளிக்காரர்தான். பதினேழின் தாய்க் கிழங்குகளை முதலில் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. வெட்டியது யார் என்று விசாரித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிடச் சொன்னார்.

“நீங்கதானாம்மா அது? அரிசி மாதிரி இருந்தப்பவே பாத்தவங்க,” என்றார். “மொத்த வீட்டையும் இதுக்குத்தான் காலி பண்ணியிருக்கேன். சிவப்பெல்லாம் என்கிட்ட யாரும் கேக்கறதில்ல. வெள்ளைன்னா சந்தோசத்துக்கும் வாங்குவாங்க, துக்கத்துக்கும் வாங்குவாங்க.”

அவள் சொல்லிவிட வாயைத் திறந்தாள். வாய்மேல் முகமூடி இருந்தது. பல வருடப் பழக்கம், அதைக் கழற்றுவதற்கு முன் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். அதற்குள் அவர் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

முதல் வருடம் மண்ணில் இலை மட்டும்தான் வரும். அந்த ஒரு வருடம் அவள் நிம்மதியாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. நிம்மதியாக இருப்பதுபோல நடித்து அதில் தேறிவிட்டாள் என்று சொல்லலாம். இரண்டாம் வருடம் தண்டு எழும்பி மொட்டு வைத்திருப்பதாக மேடம் ஒருநாள் போகிறபோக்கில் சொன்னார். அன்று மூன்றாம் மேசையில் வெட்டியதில் நாலு பாட்டில் கெட்டது.

கணவனிடம் அவள் சொன்னது அடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது. அவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். வாடிக்கையாளர் கொண்டுவருகிற ஒரு சுண்ணாம்புச் சில்லைப் பார்த்து அதே நிறத்தைப் பக்கெட்டில் வரவழைத்துவிடுவார். வீட்டில் மட்டும், தன் இரண்டு காலுறைகளும் ஒரே நிறமா என்று மனைவியைக் கேட்டுத்தான் போட்டுக்கொள்வார். அவள் பேனாவில் தொடங்கிக் குக்கரில் முடித்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார்.

“எங்க கடையில கலர் தப்பாப் போச்சுன்னா, சுவத்துல அடிக்கிறதுக்கு முன்னாடி நாங்க சொல்லணும். அடிச்சப்புறம்னா அவங்களே வந்து சொல்லிடுவாங்க.”

“அடிச்சாச்சுங்க,” என்றாள் அவள். “இன்னும் காயல, அவ்வளவுதான்.”

“அப்ப காயறதுக்குள்ள போ,” என்று அவர் மறுபடி சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே பேருந்து அவளை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கண்ணாடிவீடு மட்டும் இருந்தது. வெயிலுக்காக அதன் கண்ணாடிகள்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வயல் நடுவே மேகம் ஒன்றைக் கட்டிப்போட்டதுபோல அது மங்கலாக வெளுத்துக்கிடந்தது. தக்காளிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனவள் நின்றுவிட்டாள்.

இடுப்புயரம், மார்புயரம். வரிசை வரிசையாக, கடைசி வரிசை வெண்புகைக்குள் கரைந்துபோகிற வரைக்கும். ஒவ்வொரு தண்டிலும் படிக்கட்டுபோல இலைகள். உச்சியில் விரல்கள் குவித்த மாதிரி பச்சை மொட்டுகள். இடுக்கி நுனியில் அவள் தூக்கிய அரிசிகள். சர்க்கரையும் ஜெல்லியும் தின்றவை இங்கே மண்ணில் ஊன்றி நிற்கின்றன. அவளைவிடக் கொஞ்சம்தான் குட்டை. ஈரமண் வாசனையில் அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. கனவில் எத்தனையோ முறை நடந்த இடம்தான், ஆனால் கனவில் காலில் சேறு ஒட்டியதில்லை. சொல்லவந்ததைச் சொல்லாமல் ஒரு வரிசை முழுக்க நடந்துவிட்டாள். அவரும் பேசாமல் பின்னால் வந்தார். தன் தோட்டத்தை இன்னொருவர் வாயடைத்துப் பார்ப்பதைக் குறுக்கே பேசிக் கெடுக்க எந்தத் தோட்டக்காரருக்கு மனம் வரும்?

வரிசையின் முடிவில் திரும்பி நின்று சொல்லிவிட்டாள். பேனா, ஸ்பிரிட், மின்சாரம், இடது, வலது எல்லாவற்றையும். கனவை மட்டும் சொல்லவில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. குத்துமதிப்பாக எழுதினேன் என்றாள்.

“எத்தன செடி?”

“எல்லாமே.”

அவர் குனிந்து ஒரு தண்டைப் பிடித்தார். “தண்டு கொஞ்சம் கறுத்திருக்கேன்னு ரெண்டு நாளா நானும் பாக்கறேன். வெயில்னு நெனச்சேன்.” தண்டை விட்டார். “எப்பத் தெரியும்?”

“இன்னும் பத்து நாள். மொட்டுல நெறம் வந்துடும்.”

“பத்து நாள்ல தானா தெரிஞ்சிடும். வெள்ளையா வந்துட்டா யாருக்குமே தெரியப்போறதில்ல. அந்தப் பத்து நாள் உங்களால பொறுக்க முடியலையா?”

“வெள்ளையா வந்துட்டா அப்புறம் நான் சொல்லவே மாட்டேங்க. சிவப்பா வந்துட்டா சொல்லித்தான் ஆகணும். சொல்லணும்னா இப்பத்தான் சொல்ல முடியும்.”

அவர் நிமிர்ந்து கைமண்ணைத் தட்டிக்கொண்டார். புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவு வரை கூட வந்து வழியனுப்பினார். போன் எல்லாம் செய்ய மாட்டேன், வேண்டுமென்றால் அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கோபத்தில் கதவை அறைவார் என்று எதிர்பார்த்தாள். கண்ணாடிக் கதவு என்பதால் மெதுவாகத்தான் சாத்தினார்.

திங்கட்கிழமை மேடத்தின் அறை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வெள்ளையா இருந்தா சட்டத்த மீறுனதுக்காக உங்கள மேசையிலேருந்து எழுப்பணும். சிவப்பா இருந்தா பூவுக்காக எழுப்பணும். ரெண்டுல எதா இருந்தாலும் நீங்க இன்னிலேருந்து பாட்டில் கழுவுற எடத்துக்குப் போங்க,” என்றார். பிறகு, “உங்க தட்ட நான் ஒரு நாளும் பாக்கல. அது என் தப்பு. அதுக்கு நான் எங்க போய்க் கழுவறது?” என்று ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் எழுந்தபோது இன்னொன்று சொன்னார்: நிறம் தெரிந்ததும் முதலில் அவள் வாயால்தான் தனக்குத் தெரிய வேண்டும். தக்காளிக்காரர் சொல்லித் தெரியக் கூடாது.

பாட்டில் கழுவுகிற இடத்தில் பேசலாம். அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அங்கிருந்த இரண்டு பெண்களும் காலையிலிருந்து மாலை வரை மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். கனவு காண வழியே இல்லை. முழு விழிப்பாக எட்டு மணி நேரம் இருப்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் மேசைக்காரி இடைவேளையில் வந்து பக்கத்தில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் ஞாயிறு. கணவன் கூட வருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்; அவர் ஏதாவது நிறத்தின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. இறங்குவதற்கு முந்தின திருப்பத்திலேயே கண்ணாடிவீடு தெரிந்தது. மேகம் இன்று வெள்ளையாக இல்லை. நடுப்பகலில், உள்ளுக்குள் விளக்கேற்றிவைத்த உள்ளங்கை மாதிரி அந்த வீடு முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. நடத்துநர் இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

கதவு திறந்தே கிடந்தது. வாசனை முதலில் வந்தது, அது ஒரு கனவிலும் வந்ததில்லை. ஸ்பிரிட் வாசனையில் பத்தொன்பது வருடம் கழித்த மூக்கு அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் திணறியது. உள்ளே நாலாயிரம் லில்லிகள் முழுசாகத் திறந்திருந்தன. அடர்சிவப்பு, இதழின் ஓரத்தில் மட்டும் ஒரு நூலளவு வெளுப்பு. குடையளவும் இல்லை, காதளவும் இல்லை. விரித்த கையளவு, அவ்வளவுதான். அந்தச் சாதாரண அளவுதான் அவளை உலுக்கியது. எந்தப் பூவும் முதுகைக் காட்டவில்லை. நாலாயிரமும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

தப்பு என்பது இவ்வளவு அழகாக இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அழகாக இருந்ததால் தப்பு குறையவில்லை. தப்பாக இருந்ததால் அழகும் குறையவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன.

தக்காளிக்காரர் கவிழ்த்துப்போட்ட தக்காளிப் பெட்டி ஒன்றின்மேல், நடைபாதை நடுவில், வேலையற்றவர்போல உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததைப் பார்த்து இன்னொரு பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். அவள் உட்காரவில்லை.

பத்து நாள் கையில் இருந்ததால் நாலு ஊருக்குப் போய்க் கேட்டுப் பார்த்ததாகச் சொன்னார். பாதிக்கு ஆள் கிடைத்தது, பாதிக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்குச் சொல்லிவைத்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களாவது முன்கூட்டியே தெரிந்து பார்த்துக்கொண்டார்கள். அவள் முன்னாடியே வந்து சொல்லாமல் இருந்திருந்தால் மொத்தமும் இங்கேதான் நின்றிருக்கும். இதையெல்லாம் அவர் நன்றி சொல்கிற குரலில் சொல்லவில்லை. பழி போடுகிற குரலிலும் சொல்லவில்லை. மழையளவு சொல்கிறவர்போலச் சொன்னார்.

“ஒண்ணு தெரியுமாம்மா? பூவ நாங்க மொட்டுலயே அறுத்துடுவோம். தெறந்துட்டா விக்காது. பக்கத்து ஊர்க் கண்ணாடிவீட்டுக்காரர் முப்பது வருசமா பூ போடறாரு. நேத்து இங்க வந்து பாத்துட்டு, ஒரு வீடு முழுக்க தெறந்து நின்னு என் ஆயுசுல பாத்ததில்லன்னாரு. வாங்க ஆளில்லாததுனாலதான் இதெல்லாம் தெறந்துச்சு.” அவர் பக்கத்துப் பூ ஒன்றைக் கையால் நிமிர்த்திவிட்டார். “ரொம்ப வெலகூடுன வேடிக்கம்மா இது. ஒக்காந்து பாத்துட்டுப் போங்க.”

அவள் உட்கார்ந்தாள். சுண்ணாம்புக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் பூக்களில் பட்டுத் திரும்பி, அவர் நரைமுடியையும் அவள் சேலையையும் ஒரே நிறமாக்கியது. எங்கோ ஒரு இதழ் கழன்று இலைமேல் விழுந்தது. துணி மடிப்பு பிரிகிற சத்தம் இல்லை, சத்தமே இல்லை. அவள் கண் இமை இறங்கவில்லை. கனவு காணத் தோன்றவேயில்லை.

பிறகு ஞாபகம் வந்து போனை எடுத்தாள். மேடம் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“மேடம், இருபத்திமூணு,” என்றாள்.

கடைசிப் பதினேழு குக்கரில் போன நாளை மேடம் மனத்துக்குள் தேடிப்போயிருக்க வேண்டும்.

“சரி,” என்றார் கடைசியில். “நாளைக்கு நீங்க பாட்டில் கழுவத்தான் வரணும். அதுல மாத்தமில்ல.”

“சரிங்க மேடம்.”

வைத்துவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். வைக்கவில்லை. மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. லில்லியில் டாக்டர் பட்டம் வாங்கியவர், இருபத்திமூன்றைப் பதினோரு வருடமாக ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பவர், குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்:

“எப்படி இருக்கு?”

அவள் வாயைத் திறந்தாள். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. நிறத்திலிருந்தா, வாசனையிலிருந்தா, அளவிலிருந்தா?

“தெறந்து நாலு நாளாச்சு மேடம். இன்னும் ரெண்டு மூணு நாள்தான் நிக்குமாம். நீங்க வந்து பாத்தாத்தான்.”

நாற்காலி நகரும் சத்தம், சாவிக்கொத்து எடுக்கும் சத்தம், அதைத் திரும்ப வைக்கும் சத்தம். மேடத்துக்குக் காரில் தனியாக நெடுந்தூரம் போகப் பயம் என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“எந்த பஸ்ல ஏறணும்?” என்றார் மேடம்.